எதேச்சாதிகாரம் என்னும் சொல்

அன்புள்ள ஐயா,

சர்வாதிகாரம், எதேச்சாதிகாரம் இரண்டும் ஒன்றுதானா? சிலர் ‘எதேச்சதிகாரம்’ என்று எழுதுகிறார்களே, எது சரி? ஆள்பவர் நல்லவராக இருந்தால் இச்சொற்கள் அவருக்குப் பொருந்துமா? எங்கள் மேலாளரை நாங்கள் சர்வாதிகாரி என்றுதான் சொல்கிறோம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எழுத்துக்கூட்டலை விட்டுவிடுங்கள், இரண்டும் வழக்கில் உள்ளவை. உங்கள் கடைசி வரிதான் என்னை வருத்தியது. பள்ளி விடுதியிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், காப்பாளரைச் சர்வாதிகாரி என்று நானும் எழுதியிருக்கிறேன். அச்சொல்லைச் சிவப்புப் பென்சிலால் சுழித்துத் திருப்பி அனுப்பிய என் தந்தை, “இவர்மீது யாரிடம் புகார் செய்யலாம்?” என்று ஓரத்தில் கேட்டிருந்தார். இரண்டு பேரை என்னால் சொல்ல முடிந்தது. உங்கள் மேலாளருக்கு மேலேயும் ஒருவர் இருப்பார். கண்டிப்பானவர், கடுமையானவர் என்றெல்லாம் சொற்கள் இருக்க, இவ்வளவு கனமான சொல்லை ஏன் இப்படித் தேய்க்கிறீர்கள்?

சர்வாதிகாரி என்பது எப்போதும் வசைச்சொல்லாக இருந்ததில்லை. 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில், ஒரு தலைவர் கைதானதும் அடுத்துப் பொறுப்பேற்றவரை அப்படித்தான் அழைத்தார்கள். அந்த அதிகாரம் ஒரு காரியத்துக்காகத் தரப்பட்டது. எதேச்சாதிகாரம் யாரும் தருவதல்ல. ‘யதா இச்சை’, அதாவது இச்சைப்படி என்பதே அதன் வேர். ஆள்பவர் நல்லவரா என்று அது கேட்பதில்லை. அதைக் கேட்கத்தான் செங்கோல், கொடுங்கோல் என்ற சொற்கள் இருக்கின்றன. தடுக்கும் உரிமை எவருக்கேனும் உண்டா என்பதே இதன் கேள்வி. ஆகவே நல்லவருக்கும் அது பொருந்தும்.

ரஷ்யாவைப் பாருங்கள். 1905 புரட்சிக்குப் பின் மன்னர் இரண்டாம் நிக்கோலஸ் ‘டூமா’ என்னும் மக்கள் அவைக்கு இசைந்தார். 1906இல் அடிப்படைச் சட்டங்களை எழுதியபோது, மன்னரின் அதிகாரத்துக்கு அடைமொழியாக இருந்த இரண்டு சொற்களைப் பற்றி அமைச்சர்கள் அவர் முன்னிலையிலேயே வாதிட்டார்கள். ‘வரம்பற்ற’ என்பதை நீக்க அவர் பெரும் தயக்கத்துக்குப் பின் ஒப்புக்கொண்டார். ‘எதேச்சாதிகார’ என்பது மட்டும் நான்காம் விதியில் அப்படியே நின்றது. வரம்பு உண்டென்று ஆனபின் அச்சொல் வெறும் அலங்காரம் என்றே பலர் எண்ணியிருப்பார்கள். மறு ஆண்டு ஜூனில் அவர் இரண்டாம் டூமாவைக் கலைத்தார். அவையின் ஒப்புதல் வேண்டும் என்று அதே சட்டம் சொல்லியும், தேர்தல் சட்டத்தைத் தன்னிச்சையாக மாற்றினார். முதல் தேர்தல் சட்டத்தைத் தந்த அதிகாரத்துக்கே அதை நீக்கவும் உரிமை உண்டு என்றது அவருடைய அறிக்கை.

அன்புடன்