பாலிமர் களிமண் (சூட்டில் இறுகும் பிளாஸ்டிக் வகைக் களிமண்) பதக்கத்தில் மீனாட்சியம்மன் கோயில் கோபுரப் படத்தைப் பதிக்க முடியுமா? மினுமினுப்புத் தரும் மைக்கா தூளை எப்போது பூசுவது?

தாராளமாக முடியும். இன்க்ஜெட் அச்சு வேண்டாம், தண்ணீர் பட்டதும் கலைந்துவிடும். ஜெராக்ஸ் கடையின் டோனர் (தூள் மை) பிரதிதான் சரி. படத்தில் எழுத்து இருந்தால் இடவலம் மாற்றி அச்சிடச் சொல்லுங்கள். சுடாத வெளிர்நிறக் களிமண்ணில் பிரதியைக் குப்புற வைத்து, கரண்டி முதுகால் காற்றுக்குமிழி இல்லாமல் தேய்த்து, அரை மணி நேரம் விடுங்கள். பிறகு தாளை நனைத்து, விரல்நுனியால் உருட்டி உருட்டி எடுங்கள். இங்கே அவசரப்பட்டால் பாதிக் கோபுரம் தாளோடு போய்விடும். மதுரையின் சித்திரை வெயிலில் களிமண் குழைந்து படம் இழுபடும், விடியற்காலையில் உட்காருங்கள்.

மைக்கா தூளையும் சுடுவதற்கு முன்பே, உலர்ந்த தூரிகையால் ஓரங்களில் பூசுங்கள். பசை தேவையில்லை, சுடாத களிமண்ணே பிடித்துக்கொள்ளும். மூக்குக்கு முகக்கவசம் அவசியம். சுட்டு ஆறியபின் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வகை வார்னிஷ் ஒரு பூச்சு. நகப்பூச்சு மட்டும் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுக்கும்.