காற்றடிக்கும் படகுக்கு நாமே பிளைவுட் தளம் செய்ய முடியுமா?

கேள்வி: தேவிபட்டினத்தில் இருக்கிறேன். ஏறக்குறைய 3 மீட்டர் நீளமுள்ள காற்றடிக்கும் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அதனுடன் வரவேண்டிய தளப்பலகைகள் இல்லை. எழுந்து நின்றால் கால் புதைகிறது. துடுப்பு போட்டால் படகு நடுவில் வளைகிறது. பிளைவுட் வாங்கி நானே தளம் செய்யலாமா? எவ்வளவு தடிமன் வேண்டும்?

பதில்:

தாராளமாகச் செய்யலாம். 12 மி.மீ. மரைன் பிளைவுட், மூன்று துண்டுகள், மூட்டுகளை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள அலுமினியச் சட்டம். என் படகில் இருப்பது இதுதான், உங்களுக்கும் இதையே சொல்வேன். நீங்கள் கேட்டிருப்பது தடிமனைப் பற்றி. ஆனால் பலகையின் விளிம்பும் அடிப்பக்கமும் சரியில்லை என்றால், எவ்வளவு நல்ல பலகையும் படகை உள்ளிருந்தே அறுத்துவிடும். அதனால் அவற்றைப் பற்றித்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் படகு ஏன் வளைகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். அடியில் இருப்பது வெறும் துணி. அதற்கென்று விறைப்பு கிடையாது. பக்கவாட்டுக் குழாய்களில் இருக்கும் காற்று மட்டும் படகை நேராக வைத்திருக்க முடியாது. குழாய்களுக்கு நடுவே பலகை இறுக்கமாக உட்கார்ந்து, இரண்டு பக்கக் குழாய்களும் அதை நெருக்கிப் பிடிக்கும்போதுதான் முழுப் படகும் ஒரே உடலாகிறது. ஆகவே பலகை தளர்வாகக் கிடந்தால் பயனில்லை. கால் புதையாது, அவ்வளவுதான். படகு வளைந்துகொண்டுதான் இருக்கும்.

இனி தடிமன். பலகையின் விறைப்பு, தடிமனை அதே எண்ணால் மூன்று முறை பெருக்கிய (cube) கணக்கில் ஏறுகிறது. 9 மி.மீ. பலகையைவிட 12 மி.மீ. பலகை ஏறத்தாழ 2.4 மடங்கு விறைப்பானது. 18 மி.மீ. அதைவிட 3.4 மடங்கு. எடையோ நேர்விகிதத்தில்தான் ஏறும். உங்கள் படகின் உள்தளம் ஒன்றரை மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால், 12 மி.மீ. பலகை ஏழரை கிலோவை ஒட்டி வரும், 18 மி.மீ. என்றால் 11 கிலோவைத் தாண்டும். அந்த எடையையும் படகு தாங்கும் சுமையில்தான் கழிக்க வேண்டும். மணலில் தூக்கிக்கொண்டு நடப்பதும் நீங்கள்தான். சிறிய படகுக்கு 18 வேண்டவே வேண்டாம். ஒருவர் மட்டும் உட்கார்ந்து தூண்டில் போடுவதற்கு என்றால் 9 போதும்.

பிளைவுட் வாங்கும்போது முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். (இந்தியத் தர எண்) 710 என்று இருந்தால்தான் அது மரைன் பிளைவுட். ஐ.எஸ். 303 என்று போட்டிருப்பது, ‘தண்ணீர் தாங்கும்’ என்று கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும், அலமாரிக்கும் சமையலறைக்குமானது. அறுத்த பக்கத்தையும் உற்றுப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே பொந்து தெரிந்தால் அந்தப் பலகையை விட்டுவிடுங்கள். உப்புத்தண்ணீர் போய்த் தங்கும் இடம் அதுதான். சிலர் பி.வி.சி. போர்டு போடலாம் என்பார்கள். நம் ஊர் வெயிலில் அது தொய்ந்துபோகும். எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் தகடும் விறைப்புக்கு உதவாது.

அளவெடுப்பது காலையில், நிழலில். படகுக்குக் கையேட்டில் சொன்ன அழுத்தம் வரை காற்றடித்து, பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி உள்ளே பொருத்திப் பாருங்கள். நண்பகலில் அளவெடுத்தால் ஏமாற்றிவிடும். காலை 25 டிகிரியில் 3 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் இருக்கும் குழாய், வெயிலில் உள்காற்று 45 டிகிரிக்குச் சூடேறினால் 4.2 பி.எஸ்.ஐ.க்குப் போய்விடும். குழாய் புடைத்து உள்ளிடத்தைக் குறைத்துவிடும். அட்டை சரியாகப் பொருந்திய பிறகு, சுற்றிலும் ஒட்டப்போகும் ரப்பர் பட்டையின் தடிமனைக் கழித்துவிட்டுப் பலகையில் வரையுங்கள். மூட்டுகள் நீங்கள் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு நேராக வரக்கூடாது. பிரிக்கும் இடத்தை முடிவு செய்யும் முன் ஒருமுறை படகில் ஏறி நின்று பார்த்துவிடுங்கள்.

மூலைகளைச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்து வளைவாக வரைந்து அறுத்தேன். நேர்மூலை ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. அதன்பிறகு விளிம்பு. அரத்தால் மேலும் கீழும் உருட்டி, பிறகு உப்புத்தாளால் 80, 120, 220 என்று நயமாக்க வேண்டும். முடிந்ததா என்று தெரிந்துகொள்ளப் பழைய நைலான் சேலைத் துணியை விளிம்பு நெடுக இழுத்துப் பாருங்கள். நூல் ஓரிடத்தில் மாட்டினாலும் அந்த இடம் நாளைக்குப் படகின் துணியைத் தின்னும். நம் கண்ணுக்கும் விரலுக்கும் தெரியாத சிம்பு இதில் மாட்டிக்கொள்ளும். இந்த ஒரு வேலைக்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள், தகும்.

அடுத்து பூச்சு. நம் கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை ஃபைபர் வேலை தெரிந்தவர்கள் உண்டு. ரெசினும் கண்ணாடி இழை விரிப்பும் (மேட்) அவர்கள் கையில் எப்போதும் இருக்கும். அவர்கள் படகுக்குப் பூசுவது பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசின். மரத்தின் மீது அதைவிட எபாக்சி நன்றாகப் பற்றும், தண்ணீரையும் அதிகம் தடுக்கும். விலை கூடுதல்தான், ஆனாலும் எபாக்சியையே வாங்குங்கள். ஃபைபர் வேலைக்காரர்கள் வெயிலைப் பார்த்து ஹார்டனரை (ரெசினை இறுக வைக்கும் கலவை) கூட்டிக் குறைப்பார்கள். பாலியஸ்டரில் ஓரளவுக்கு அது நடக்கும். எபாக்சியில் கூடாது. டப்பாவில் என்ன விகிதம் போட்டிருக்கிறதோ அதே விகிதம், தராசில் வைத்து. விகிதம் தப்பினால் பிசுபிசுப்பு போகவே போகாது.

பூசுகிற நேரமும் முக்கியம். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும். அறுத்த விளிம்பில் குண்டூசித் தலை அளவுக்குக் குமிழ்கள் வரிசையாகக் கிளம்பி உடைந்து, ஒவ்வொன்றும் ஒரு துளையை விட்டுச்செல்லும். சாயங்காலம், பலகை சூடு தணிந்துகொண்டிருக்கும்போது பூசினால் அதே நுண்துளைகள் ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். விளிம்புக்கு மூன்று பூச்சு, முகங்களுக்கு இரண்டு. அதற்கு மேல் வெளிர்நிற பெயிண்ட் அடிக்க வேண்டும். எபாக்சிக்கு வெயில் ஆகாது. கருப்பு அடித்தால் மதியம் கால் வைக்க முடியாது. மேல்பக்கம் பெயிண்ட் ஈரமாக இருக்கும்போது சலித்த ஆற்றுமணலைத் தூவினால் வழுக்காது. அடிப்பக்கம் மட்டும் கண்ணாடியாக வழவழவென்று இருக்க வேண்டும். பூச்சு முழுவதும் இறுகி, வாடை போன பிறகே படகுக்குள் வையுங்கள்.

பக்கச் சட்டத்துக்கு அலுமினிய ஜன்னல் செய்யும் கடையில் ‘ப’ வடிவச் சட்டம் கிடைக்கும். பூச்சு அடித்த துண்டுப் பலகை ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ச் செருகிப் பார்த்து வாங்குங்கள். பூச்சு ஏறிய பிறகு 12 மி.மீ. பலகை 12 மி.மீ. ஆக இருக்காது. திருகு வேண்டாம். எஃகுத் திருகும் அலுமினியமும் உப்புத்தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப் பொடியாகும். சட்டத்தைப் பலகை விளிம்பில் செருகினால் போதும், குழாயின் நெருக்கமே அதைப் பிடித்துக்கொள்ளும். சட்டத்தின் முனைகளையும் அரம் போட்டு மழுக்குங்கள்.

பொருத்தும்போது குழாய்களில் பாதிக் காற்று. அணியப் (முன்பக்கப்) பலகையையும் பின்பலகையையும் முதலில் வைத்து, நடுப்பலகையின் ஒரு மூட்டைக் கூரைபோல் தூக்கி நிறுத்தி, மேலிருந்து அழுத்தினால் உட்காரும். விரலை மூட்டருகில் வைக்காதீர்கள். அது உட்காரும் வேகத்தில் நகமே போய்விடும். பிறகு சட்டங்களைச் செருகி, குழாய்களுக்கு மீதிக் காற்று. தளத்துக்கு அடியில் தனியாக ஒரு நடுக்குழாய் இருக்கும் படகானால், அதற்குக் கடைசியாகத்தான் காற்றடிக்க வேண்டும்.

மணல் விஷயத்தில் கவனமாக இருங்கள். நம் கரை மணலில் சிப்பித்தூள் நிறைய. காலோடு ஏறி வந்து பலகைக்கும் துணிக்கும் நடுவே புகுந்து, நாம் அசையும்போதெல்லாம் தேய்க்கும். ஏறும் முன் காலைக் கடலில் அலசுங்கள். திரும்பியதும் பலகைகளைக் கழற்றி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பழைய ஃபிளெக்ஸ் பேனரை அடியில் விரிப்பவர்கள் இருக்கிறார்கள். அதனடியிலும் மணல் போகும், கண்ணுக்குத் தெரியாது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பலகைத் தளத்தால் கிடைக்கும் இன்னொரு நன்மை, கெளுத்தி முள்ளும் திருக்கை முள்ளும் துணியில் இறங்காது. மீன் பிடிக்கிறவர்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

கடைசியாக ஒன்று, உங்கள் ஊர் என்பதால் சொல்கிறேன். வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் கச்சான் என்னும் மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கரையோரத் தண்ணீர் குளம்போலக் கிடக்கும். ஆனால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. காற்றடித்த படகு தண்ணீரில் ஆழமாக அமராது. அதன் பக்கம் முழுவதும் காற்றுக்குத் திறந்தே இருக்கும். தளம் போட்ட பிறகு துடுப்பு நன்றாக இழுக்கும், அதை நம்பி வெளியே போய்விட்டால் எதிர்காற்றில் திரும்பி வருவது பெரும்பாடு. லைஃப் ஜாக்கெட், நீளமான கயிற்றோடு ஒரு சிறு நங்கூரம், கரையில் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள், இந்த மூன்றும் இல்லாமல் அந்த மாதங்களில் இறங்காதீர்கள். தென்கடல் பக்கம் கொண்டுபோனால், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே கால் வைக்க முடியாது.

படகின் உள்நீளம், உள்அகலம், பின்னால் மோட்டார் மாட்டும் பலகை உண்டா, அடியில் நடுக்குழாய் உண்டா என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஒரே 8×4 அடிப் பலகையில் எப்படி அறுத்தால் வீணாகாது என்று வரைந்து போடுகிறேன்.