வீட்டில் சும்மா கிடக்கும் ஆக்கோஸ்டிக் கித்தாரை மடியில் வைத்து ஸ்லைடு வாசிக்க மாற்ற முடியுமா?

முடியும். ஸ்லைடு என்றால் விரலால் கம்பியை அழுத்தாமல், பார் என்ற உலோக உருளையைக் கம்பிமேல் நகர்த்தி வாசிப்பது. நீங்கள் கேட்டது இதுதான்: பரணில் ஆறு கம்பி ஜம்போ கித்தார் ஒன்று கிடக்கிறது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட் தேய்ந்து, கழுத்தும் லேசாக வளைந்துவிட்டது. பாளையங்கோட்டையில் கோயில் பாட்டுக்குழுவோடு கீர்த்தனைக்கும், வீட்டில் கர்நாடக ராகங்களுக்கும் மடியில் வைத்து வாசிக்க அதை மாற்றலாமா, இல்லை வைசன்போர்ன் என்ற மடி கித்தார் மாதிரி ஒன்றை ஆசாரியிடம் செய்யச் சொல்லலாமா என்கிறீர்கள். முதலில் இருப்பதை மாற்றுங்கள்.

தேய்ந்த ஃப்ரெட்டை நினைத்துக் கவலையே வேண்டாம். இனி அது கண்ணுக்கு அடையாளக் கோடு மட்டும்தான். கம்பி அதைத் தொடப்போவதில்லை. லேசான கழுத்து வளைவுக்கும் அதே பதில். ஆனால் கழுத்து உடம்போடு சேரும் மூட்டு ஆடுகிறதா என்று பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆடினால் அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள்.

அடுத்து பிரிட்ஜ், அதாவது முகப்பில் கம்பிகளைத் தாங்கும் கட்டை. அதன் பின்விளிம்புக்கும் முகப்புப் பலகைக்கும் நடுவே ஒரு வெள்ளைத் தாளைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே போனால் ஒட்டு விட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஏற்கெனவே யாராவது வெள்ளைப் பசை வைத்து ஒட்டியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அந்தப் பசை காய்ந்த பிறகும், ஓயாத இழுப்பில் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். சூட்டில் இன்னும் இளகும். நம்மூர்ச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியிலோ, நிறுத்தி வைத்த காருக்குள்ளோ இரண்டு மணி நேரம் கிடந்தால் போதும். பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டு, கடினமாக இறுகும் மரப்பசையால் ஒட்டி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விட வேண்டும்.

உங்கள் கித்தாரில் கம்பிகள் பிரிட்ஜில் முளை குத்தி நிற்கின்றனவா, இல்லை அடிப்பக்கம் டெயில்பீஸ் என்ற உலோகத் தகட்டில் மாட்டியிருக்கின்றனவா என்று நீங்கள் சொல்லவில்லை. கல்கத்தாவில் செய்துவரும் மலிவு ஜம்போக்களில் டெயில்பீஸ் வகை நிறைய உண்டு. சாதாரணமாக அதைத் தகர டப்பா என்று கேலி பேசுவார்கள், ஆனால் இந்த வேலைக்கு அது நல்லது. இழுப்பை டெயில்பீஸ் வாங்கிக்கொள்வதால் பிரிட்ஜ் பிய்ந்து வராது.

இப்போது நட், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சின்னக் கட்டை. ஸ்லைடுக்குக் கம்பி உயரம் வேண்டும், இல்லையென்றால் பார் ஃப்ரெட்டில் இடித்துக் கடகடக்கும். இதற்காக இரண்டு முனையையும் உயர்த்தத் தேவையில்லை. பெரும்பாலான கித்தார்களில் சாடில் (பிரிட்ஜில் செருகிய, கம்பி உட்காரும் பட்டை) பக்கம் கம்பி, விரல்பலகையின் தளத்திலிருந்து ஏற்கெனவே 4 முதல் 5 மி.மீ. மேலே இருக்கும். நட் பக்கத்தை 10 மி.மீ. ஆக்கினால், 12-ஆவது ஃப்ரெட்டில் தானாகவே 7 மி.மீ. வந்துவிடும். அது போதும். சாடிலையும் உயர்த்தினால் பிரிட்ஜை முன்னோக்கிச் சாய்க்கும் விசை கூடும்; முகப்பு உப்பும், சாடில் உட்காரும் பள்ளத்தின் முன்சுவர் பிளக்கும். சாடிலை உயர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால், வெளியே தெரியும் உயரம் உள்ளே புதைந்திருக்கும் ஆழத்தை விட அதிகமாகக் கூடாது.

பழைய நட்டின் மேல் தொப்பி மாதிரி மாட்டும் உலோக நட் ஆன்லைனில் கிடைக்கும். கிடைத்தால் வாங்கிவிடுங்கள். செய்வதாக இருந்தால் 45 மி.மீ. நீளம், 14 மி.மீ. அகலம், 14 மி.மீ. உயரத்தில் ஈட்டிக் கட்டை ஒன்றை எடுத்து, பழைய நட் உட்காரும்படி அடியில் பள்ளம் வெட்டச் சொல்லுங்கள். கட்டையின் முன்கால் விரல்பலகையின் மேல் நன்றாகப் பதிய வேண்டும். கம்பி உட்காரும் இடம் விரல்பலகையிலிருந்து 10 மி.மீ. வரும்வரை மேலே அராவிக் குறைத்துக்கொள்ளுங்கள். பழைய நட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒல்லியாக உயரக் கட்டை ஒன்றை நிறுத்தும் வேலைக்குப் போகாதீர்கள். கம்பியை ஏற்றியதும் அது முன்பக்கம் சாயும். மேல்முகடு பழைய நட்டின் முன்விளிம்புக்கு நேர் மேலே வரட்டும். அங்கிருந்து தலைப்பக்கமாகச் சரிவு கொடுத்து, பின்விளிம்பை உருட்டிவிடுங்கள். விளிம்பு கூராக இருந்தால் கம்பி அங்கேதான் அறும்.

இனி வருவதுதான் முக்கியம், பலரும் கோட்டை விடுவதும் இங்கேதான். பார் நேரான உருளை. அதன் அடியில் ஆறு கம்பிகளின் மேல்புறமும் ஒரே மட்டத்தில் இருந்தாக வேண்டும். சாதாரண கித்தாரில் அப்படி இருக்காது. விரல்பலகை வளைவுக்குத் தக்கபடி சாடிலும் வளைந்திருக்கும்; 16 அங்குல ஆரம் என்றால் நடுக் கம்பிகள் ஓரக் கம்பிகளை விட ஏறக்குறைய 0.8 மி.மீ. மேலே நிற்கும், 12 அங்குலம் என்றால் 1 மி.மீ.க்கும் மேலே. பார் வைத்தால் நடுவில் ஊஞ்சல் ஆடும், ஓரக் கம்பிகள் ஜிர்ரென்று இரையும். ஆகவே சாடிலின் மேல்விளிம்பைத் தட்டையாக அராவ வேண்டும். அதோடு முடியவில்லை. முதல் கம்பி 0.33 மி.மீ. தடிமன், ஆறாவது 1.42 மி.மீ. அடிப்புறம் சமமாக இருந்தால் மேல்புறம் 1.1 மி.மீ. ஏறியிருக்கும். அந்த 1.1-ஐ நட்டிலும் சாடிலிலும் பள்ளத்தின் ஆழத்தில் ஈடுகட்ட வேண்டும்: ஆறாவதுக்கு அதிக ஆழம், ஐந்து, நான்கு என்று படிப்படியாகக் குறைத்து, முதல் கம்பிக்கு வெறும் கீறல்.

இந்தப் பள்ளங்களுக்குத் தச்சு அரம் ஆகாது. நகை ஆசாரி வைத்திருக்கும் ஊசி அரம் வேண்டும், அல்லது வெல்டிங் சாமான் கடையில் விற்கும் நாசில் சுத்தம் செய்யும் கம்பிச் செட். பின்னதில் உருண்டை அரங்கள் வரிசையான தடிமனில் இருப்பதால் கம்பிக்கு ஏற்றதைப் பொறுக்கிக்கொள்ளலாம். பள்ளம் ஆங்கில வி மாதிரி இருந்தால் கம்பி இறுகிக்கொள்ளும். கீயைத் திருப்பும்போது டிங் என்று துள்ளி, சுருதி தாண்டிப் போகும். அடி உருண்டையாக இருக்கட்டும், பென்சில் முனையைத் தேய்த்துவிடுங்கள். நட்டில் ஓரக் கம்பியிலிருந்து ஓரக் கம்பிவரை 40 மி.மீ., இடைவெளி 8 மி.மீ. வீதம். சாதாரண நட்டை விட இது அகலம், ஆனால் இங்கே விரல் வைத்து அழுத்துவதில்லை என்பதால் கம்பி ஓரத்தில் வழுக்கி விழாது.

மட்டம் பார்க்க, நட்டுக்குப் பக்கத்தில் ஒரு முறையும் சாடிலுக்குப் பக்கத்தில் ஒரு முறையும் ஸ்டீல் ஸ்கேலைக் கம்பிகளின் குறுக்கே வைத்து, பின்னால் டார்ச் அடியுங்கள். வெளிச்சம் தெரிகிற கம்பி தாழ்ந்திருக்கிறது. பிறகு பாரை அழுத்தாமல் ஐந்தாவது ஃப்ரெட்டின் மேல் சும்மா வைத்து ஒவ்வொன்றாக மீட்டுங்கள். இரைகிற கம்பிக்கு அக்கம்பக்கத்து உயரக் கம்பியை இறக்குங்கள். தாழ்ந்த கம்பியைத் தூக்க நினைத்தால் புதுக் கட்டைதான்.

சுருதி கூட்டும் முறைக்கு வருவோம். கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். யூடியூபில் டோப்ரோ என்ற மடி கித்தாரின் பாடம் பார்த்து ஜி பி டி ஜி பி டி என்ற மேற்கத்திய சுரங்களுக்குக் கூட்டினால், ஆறாவது கம்பி ஈயிலிருந்து ஜிக்கு மூன்று அரைச்சுரம் ஏறுகிறது. இழுவிசை 41 சதவீதம் கூடும். ஐந்தாவது ஏயிலிருந்து பிக்கு ஏறுகிறது, 26 சதவீதம். டோப்ரோவில் உள்ளே உலோகக் கூம்பு, பலநேரம் சதுரக் கழுத்து, தனிக் கம்பிச் செட் எல்லாம் இதைத் தாங்குவதற்காகவே இருக்கின்றன. தட்டை முகப்பு கித்தாருக்கு இந்தச் சுருதி வேண்டாம்.

உங்களுக்கு ஏற்றது ஓப்பன் டி. தடிமன் பக்கத்திலிருந்து டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. வழக்கமான கூட்டலிலிருந்து நாலு கம்பி இறங்குகிறது, இரண்டு அப்படியே நிற்கிறது, ஏறுவது எதுவும் இல்லை. அதனால் 13-56 செட் (முதல் கம்பி 0.013, ஆறாவது 0.056 அங்குலம்) போட்டாலும் மொத்த இழுப்பு ஏறக்குறைய 74 கிலோதான் வரும். 12-53 செட்டைச் சாதாரணமாகக் கூட்டினால் வரும் அதே அளவு. 12 செட்டை இதற்கு இறக்கினால் கம்பி தொளதொளவென்று ஆகி, பார் பட்டதும் அமிழும். மூன்றாவதில் மட்டும் சுற்றுக் கம்பிக்குப் பதில் 0.022 அங்குல வெறுங்கம்பி போடுங்கள். சுற்றுக் கம்பியின் மேல் பார் நகரும்போது சர்ரென்று வரும் உராய்வு கமகத்தைக் கெடுக்கும். அழுத்தி வாசிக்கும் கித்தாரில் இத்தனை தடித்த வெறுங்கம்பி சுரம் பிசகும், இங்கே அந்தத் தொல்லை கிடையாது.

கர்நாடக சங்கீதக் கணக்கில் இது 2 கட்டை. கம்பிகள் ஸ, ப, ஸ, அந்தர காந்தாரம், ப, ஸ. மோகனம், மாயாமாளவகௌளை எல்லாம் சுகமாகப் போகும். கரகரப்பிரியாவுக்கு மூன்றாவதை எஃப்புக்கு இறக்கி சாதாரண காந்தாரம் ஆக்குங்கள். ஹிந்தோளத்துக்கு அதோடு இரண்டு ஏ கம்பிகளையும் ஜிக்கு இறக்க வேண்டும். பஞ்சமமே இல்லாத ராகத்தில் திறந்த கம்பி பஞ்சமம் பேசினால் கேட்கச் சகிக்காது. ஃப்ரெட் இல்லாமல் கட்டையால் தேய்த்து வாசிக்கும் கோட்டு வாத்தியத்தில் திறந்த கம்பிகள் ஸ, ப என்று மட்டும் நிற்பதால், ராகத்துக்கு ராகம் காந்தாரத்தை மாற்றும் சிக்கல் அங்கே இல்லை.

பாட்டுக்குழுவில் ஒரு தொந்தரவு வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கம்பி இவ்வளவு உயரத்தில் இருக்கும்போது சாதாரண கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒன்றாக அழுத்திச் சுருதி ஏற்றும் கிளிப்) மாட்ட முடியாது. பாடுகிறவர் 3 கட்டை கேட்டால் பாரை இரண்டு ஃப்ரெட் தள்ளித்தான் வாசிக்க வேண்டும், திறந்த கம்பி கிடைக்காது. 5 கட்டைப் பாட்டுகளுக்கு டி ஜி டி ஜி பி டி என்று கூட்டலாம். இதிலும் ஏறும் கம்பி கிடையாது.

பாருக்குப் பேட்டைப் பக்கம் லேத் பட்டறையில் 304 ஸ்டெயின்லெஸ் உருளை கேளுங்கள். 19 மி.மீ. விட்டம், 75 மி.மீ. நீளம் என்றால் 170 கிராம் இருக்கும், ஆரம்பத்துக்குச் சரி. 22 மி.மீ. என்றால் 228 கிராம். நாதம் நீளும், வேகம் குறையும். ஒரு முனையைத் துப்பாக்கிக் குண்டு மாதிரி உருட்டச் சொல்லுங்கள். லேத்திலிருந்து வந்ததை அப்படியே கம்பியில் வைத்தால் அரம் ராவுகிற சத்தம் வரும். 400, 800, 1200 எமரித் தாள்களை வரிசையாகப் போட்டு, கடைசியில் பஃப் அடித்து முகம் தெரிகிற பளபளப்புக்குக் கொண்டுவர வேண்டும். குழாய்த் துண்டு, கண்ணாடி பாட்டில் கழுத்து எல்லாம் நின்றுகொண்டு விரலில் மாட்டி வாசிப்பவர்களுக்கு. மடியில் வைத்தால் எடை வேண்டும்.

பார் ஃப்ரெட்டுக்குப் பின்னால் இல்லை, நேர் மேலே. இன்னும் துல்லியமாகச் சொன்னால், 12-ஆவது ஃப்ரெட்டில் ஒன்றரை மி.மீ. அளவு பிரிட்ஜ் பக்கம் தள்ளி. சாடிலைச் செய்தவர் விரல் அழுத்தும்போது ஏறும் சுரத்துக்கு ஈடாக 3 மி.மீ. பின்தள்ளி வைத்திருப்பார், நீங்கள் அழுத்தாததால் கம்பியின் சரிபாதி கொஞ்சம் நகர்ந்துவிடும். கண்ணை நேர் மேலிருந்து வைக்காவிட்டால் கோடு ஏமாற்றும். பாருக்குப் பின்னால் நட் பக்கம் இரண்டு விரலைக் கம்பிமேல் லேசாக இழுத்துக்கொண்டே போங்கள், அந்தப் பக்கத்து இரைச்சல் அடங்கும். பத்தமடைப் பாயில் சம்மணமிட்டு வாசித்தால் கித்தார் வழுக்கும். மடியில் ரப்பர் விரிப்புத் துண்டு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

இனி வைசன்போர்ன். ஹெர்மன் வைசன்போர்ன் 1920-களில் லாஸ் ஏஞ்சலிஸில் செய்த மடி கித்தார்களில் கழுத்தும் உடம்பின் தொடர்ச்சியாக உள்ளே பொள்ளலாக இருக்கும். ஃப்ரெட்டுக்குப் பதில் பலகையோடு மட்டமாகப் பதித்த கோடுகள்தான். மரம் ஹவாயின் கோவா. அது நம்மூர்க் கருவேலத்துக்குத் தூரத்துச் சொந்தம்தான், அதற்காக விறகுக் கடைக்குப் போய்விடாதீர்கள். அழுத்தி வாசிக்கும் கழுத்து இல்லாததால் சாதாரண கித்தாரை விடச் செய்வது எளிது. ஆனால் முகப்புப் பலகை இரண்டரை மி.மீ.க்கு இழைக்கப்பட்டு, அடியில் சரியான சட்டங்கள் ஒட்டப்பட வேண்டும். கதவும் கட்டிலும் செய்கிற கை அதை நாலு மி.மீ.யில் விட்டுவிடும், உள்ளே சத்தம் செத்துப்போகும். வாத்திய வேலை தெரிந்த ஆசாரி கிடைத்தால் மட்டும் கொடுங்கள். இந்துஸ்தானி கலைஞர் விஸ்வமோகன் பட் கித்தாரை மாற்றி உருவாக்கிய மோகன வீணையைப் பார்த்துவிட்டு, உங்கள் ஜம்போவில் தரப் (மீட்டாமலே கூட அதிரும்) கம்பிகள் சேர்க்கச் சொல்லவும் வேண்டாம். அதற்கு முகப்பு குவிந்த ஆர்ச்டாப் உடம்பும் அதற்கேற்ற பலமும் வேண்டும்.

ஸ்பீக்கரில் கேட்க, மைக்குக்குப் பதில் சவுண்ட் ஹோலில் மாட்டும் காந்தப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் கருவி) போதும். சாடிலுக்கு அடியில் வைக்கும், அழுத்தத்தை உணரும் பீசோ பிக்கப், பார் உரசும் சத்தத்தைத்தான் பெரிதாக்கித் தரும். ஏற்கெனவே பீசோ இருந்தால், புதுச் சாடிலின் அடிப்பாகத்தைக் கண்ணாடி மேல் எமரித் தாள் வைத்துத் தேய்த்து மட்டமாக்குங்கள். நடுவில் துளி இடைவெளி இருந்தாலும் இரண்டு கம்பி ஸ்பீக்கரில் கேட்காமல் போகும்.