மெக்சிகோ பயணம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

மெக்சிகோவுக்கு நான்கு முறை போய் வந்திருக்கிறேன். அதில் மூன்று பயணங்கள், இறந்த உறவினர்களை நினைத்துக் கொண்டாடும் இறந்தோர் தினத் திருவிழாவுக்காகவே. நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: அண்ணா, பத்து நாள்தான் லீவு. திருவிழா, பழைய இடிபாடுகள், வண்ணமயமான ஊர், மூன்றையும் பார்க்க முடியுமா?

ப: தாராளமாக முடியும் தம்பி. அக்டோபர் 27 வாக்கில் மெக்சிகோ சிட்டியில் இறங்குங்கள். இரண்டு நாள் அங்கே இருந்துவிட்டு, பஸ் பிடித்துத் தெற்கே இருக்கும் வஹாகா நகரத்துக்குப் போய்விடுங்கள். ஏறக்குறைய ஏழு மணி நேரப் பயணம். மிச்ச நாளெல்லாம் வஹாகாவிலேயே தங்குங்கள். கிழக்குக் கடற்கரையில் இருக்கும் கான்குன் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று ஆசை வரும். வேண்டாம், பாதி லீவு விமான நிலையத்திலேயே கழிந்துவிடும். அறையை மட்டும் மே, ஜூனிலேயே பிடித்து வைத்துவிடுங்கள்.

கே: இறந்தோர் தினத்தில் கல்லறையிலேயே இரவு முழுக்க உட்கார்ந்திருப்பார்களாமே. அந்நியர்கள் உள்ளே போகலாமா?

ப: போகலாம். எப்படிப் போகிறோம் என்பதுதான் முக்கியம். வஹாகாவை ஒட்டிய ஹோஹோகோத்லான் கல்லறைத் தோட்டத்துக்கு அக்டோபர் 31 இரவு போனேன். ஒவ்வொரு சமாதியின் மீதும் செண்டுமல்லி, மெழுகுவத்தி, இறந்தவருக்குப் பிடித்த சாப்பாடு. பக்கத்தில் பாட்டிகள் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பேரப்பிள்ளைகள் மடியில் தூங்கினார்கள். நவம்பர் 1 குழந்தைகளின் ஆன்மாக்களுக்கு, 2 பெரியவர்களுக்கு என்பது வழக்கம். ஒரு சின்னச் சமாதியின் முன்னால் பொம்மைக் கார் ஒன்று இருந்தது. அதற்கு அப்புறம் அன்று முழுக்க நான் கேமராவைத் தொடவில்லை.

அதனால் கும்பலாகப் போகாதீர்கள். ஒரு கொத்துப் பூ வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் வராத சமாதி ஏதாவது கண்ணில் படும், அதில் வையுங்கள். படம் எடுக்கும்முன் கேளுங்கள். முகத்தில் மண்டையோடு வரைந்துகொண்டு ஆடிப்பாடுவதெல்லாம் தெரு ஊர்வலத்துக்குச் சரி. கல்லறைக்குள் அது ஒரு குடும்பத்தின் துக்கம், கூடவே அவர்களுடைய சந்தோஷமும்.

மெக்சிகோ சிட்டியில் நடக்கும் பெரிய அணிவகுப்பு பழைய மரபு இல்லை. ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வந்த காட்சியைப் பார்த்து 2016-இல் தொடங்கியது. பார்க்க அழகுதான், ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

கே: இறந்தோர் தினப் படங்களில் இருப்பது நம் ஊர் செண்டுமல்லிதானே? இங்கிருந்து போனதா?

ப: அங்கிருந்துதான் இங்கே வந்தது! மெக்சிகோ மண்ணின் பூ அது. நம் ஊர்ப்பக்கம் போர்ச்சுகீசியர் கடல் கடந்து வந்த பிறகுதான் வந்து சேர்ந்தது, மிளகாயைப் போலவே. அங்கே அதன் பெயர் செம்பசூச்சில். ஸ்பானியர் வருமுன் அங்கே ஆண்ட அஸ்டெக்குகளின் நவாட்டில் மொழியில் ‘இருபது பூ’, அதாவது இதழ் நிறைந்த பூ. அந்த மணமும் நிறமும் ஆன்மாக்களுக்கு வழிகாட்டும் என்ற நம்பிக்கையில் வாசல்வரை இதழ்களைத் தூவுவார்கள்.

கே: பழைய இடிபாடுகளில் தியோத்திவாக்கானா, சிச்சென் இட்சாவா? ஒன்றுதான் பார்க்க நேரம்.

ப: தியோத்திவாக்கான். எப்படியும் மெக்சிகோ சிட்டியில் தங்குவீர்கள், அங்கிருந்து 50 கிலோமீட்டர்தான். சிச்சென் இட்சா கான்குன் பக்கம், தூரம். சூரியப் பிரமிடு ஏறக்குறைய 65 மீட்டர் உயரம். அதைக் கட்டியவர்கள் என்ன மொழி பேசினார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்த நகரம் கைவிடப்பட்டுப் பல நூற்றாண்டுகள் கழித்து வந்த அஸ்டெக்குகள் வைத்த பெயர்தான் இன்று நாம் சொல்வது.

வஹாகா போனால் மோன்தே அல்பானை விட்டுவிடாதீர்கள். அந்தப் பகுதியின் பழங்குடிகளான சாப்போதெக் மக்கள் மலையுச்சியைச் சமப்படுத்திக் கட்டிய நகரம். அங்கே வளைந்து நெளிந்த மனித உருவங்கள் செதுக்கிய கற்பலகைகள் உண்டு. முதலில் ‘நடனமாடுபவர்கள்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கொல்லப்பட்ட போர்க்கைதிகள் என்பதே இன்று பல ஆய்வாளர்களின் கருத்து. அதைத் தெரிந்துகொண்டு பாருங்கள், வேறு மாதிரி தெரியும். நிழலே இல்லை, காலையில் திறந்ததும் போய்விடுங்கள்.

கே: நாங்கள் சைவம். பட்டினிதானா?

ப: இல்லவே இல்லை. பூசணிப் பூவை உள்ளே வைத்து மடித்துச் சுடும் கேசடியா, சப்பாத்திக் கள்ளியில் செய்யும் நோபாலேஸ், அவரை வகைகள், சோள ரொட்டியான தோர்த்தியா என்று நிறைய இருக்கிறது. கவனம் வேண்டியது கொழுப்பில்தான். பீன்ஸ் மசியலைப் பன்றிக்கொழுப்பில் தாளிப்பார்கள், வஹாகாவின் பெரிய தோர்த்தியாவான த்லாயுதா மேலும் அதைத் தடவுவார்கள். ‘சின் கார்னே, சின் மாந்தேகா’ என்று சொல்லப் பழகுங்கள்: கறி வேண்டாம், கொழுப்பு வேண்டாம்.

கே: வண்ண வீடுகள் உள்ள ஊர்?

ப: குவானாஹுவாத்தோ. வெள்ளிச் சுரங்கத்தால் செழித்த ஊர். மலைச்சரிவு முழுக்க மஞ்சள், நீலம், ரோஸ் என்று வீடுகள். பழைய ஆற்றுப்பாதையே இப்போது ஊருக்கு அடியில் ஓடும் சாலை. அக்டோபரில் செர்வாந்தினோ கலைவிழா நடக்கும்.

கே: அம்மாவுக்கு 65 வயது. கூட்டிப் போகலாமா?

ப: கூட்டிப் போங்கள். மெக்சிகோ சிட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் ஊட்டி அளவு. முதல் நாள் மூச்சு வாங்கலாம், அன்று நிறைய நடக்க வைக்காதீர்கள். இதய நோய், மூச்சுத் தொல்லை இருந்தால் கிளம்பும்முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், பாட்டில் தண்ணீர் மட்டும். கல்லறைக்குப் போகும் இரவில் ஒரு சால்வை கட்டாயம், நன்றாகக் குளிரும்.