தினமும் வரைய என்ன வாங்கலாம்?

கேள்வி: சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. நானாகவே தினமும் கொஞ்சம் வரைந்து பழகலாம் என்று இருக்கிறேன். பென்சில்கள், கரித்துண்டு, கலர் பென்சில் எல்லாம் அடங்கிய பெரிய மரப்பெட்டி செட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஹெச்.பி, 2பி, 4பி என மூன்று பென்சில், மென்மையான வெள்ளை ரப்பர், ஒரு ஷார்ப்னர், ஒரு ஸ்கெட்ச்புக். பல மாதங்களுக்கு இவை தாராளமாகப் போதும்.

பெரிய செட்டில் ஒரு பகுதி இடத்தை ஹெச் வரிசைப் பென்சில்கள் பிடித்துக்கொள்ளும். பென்சில் முனை என்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. 1795-இல் பிரான்சில் கோன்தே என்பவர் காப்புரிமை பெற்ற முறை அது. களிமண் கூடக்கூட முனை கடினமாகி, கோடு மங்கலாக விழும். அதுதான் ஹெச். கிராஃபைட் கூடினால் மென்மை, நல்ல கறுப்பு. அதுதான் பி. புதிதாக வரைகிறவர்களின் கை அழுத்தித்தான் வரையும். ஹெச் பென்சிலை அழுத்தினால் தாளில் பள்ளம் விழுந்துவிடும், அழித்தாலும் தடம் போகாது. இன்னொன்று, ஒரு கம்பெனியின் 2பி இன்னொரு கம்பெனியின் 2பி அளவுக்குக் கறுப்பாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் மூன்றையும் ஒரே பிராண்டில் வாங்குங்கள்.

ஸ்கெட்ச்புக் விஷயத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். தோல் அட்டை போட்ட விலை உயர்ந்த புத்தகம் வாங்கினால் முதல் பக்கத்தில் கை வைக்கவே பயமாக இருக்கும். நல்லதாக வந்தால்தான் இதில் வரையலாம் என்று மனம் தள்ளிப்போடும். தினப் பழக்கத்துக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. கெட்டுப்போனாலும் வருத்தப்படாமல் பக்கத்தைத் திருப்ப முடிகிற விலையில் வாங்குங்கள். தாளின் எடையை ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம்) கணக்கில் அட்டையிலேயே போட்டிருப்பார்கள். பென்சிலுக்கு 90 முதல் 120 வரை போதும். நீர்வண்ணத்துக்கான 300 ஜி.எஸ்.எம். தாளுக்கு இப்போது காசு கொடுக்க வேண்டியதில்லை. தாளை விரலால் தடவிப் பாருங்கள். லேசான சொரசொரப்பு இருந்தால்தான் பென்சில் பிடிக்கும். வழவழப்பான தாளில் கறுப்பு ஏறாது. புத்தகத்தை விரித்தால் தானாக மூடிக்கொள்ளாமல் தட்டையாகக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்பைரல் பைண்டிங் என்றால் அந்தக் கவலை இல்லை. அளவு ஏ5, அதாவது ஏ4 தாளில் பாதி, வசதி. பக்கம் சிறியது என்பதால் பத்து நிமிடத்தில் நிரம்பிவிடும், பையிலும் வைத்துக்கொள்ளலாம்.

வாங்கியதை அலமாரிக்குள் வைக்காதீர்கள். தினமும் உட்காரும் இடத்தில், கைக்கு எட்டும்படி கிடக்கட்டும். செருப்பு, சாவிக்கொத்து, உங்கள் இடது கை என்று எதிரில் இருப்பதை வரையுங்கள், பக்கத்தின் மூலையில் தேதி போடுங்கள். எந்தப் பென்சில் சீக்கிரம் தேய்கிறதோ, அடுத்து அந்த வரிசையில் வாங்குங்கள். கரித்துண்டும் கலரும் அப்புறம்.

கேள்வி: புதுப் பென்சில்தான், ஆனால் சீவச் சீவ முனை உடைந்துகொண்டே இருக்கிறது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: முதலில் ஷார்ப்னரை மாற்றிப் பாருங்கள். பிளேடு மழுங்கியிருந்தாலே முனை உடையும். பென்சிலின் அடிப்பக்கத்தையும் பாருங்கள்; கறுப்பு முனை மரத்தின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் அது தயாரிப்புக் குறை, தாராளமாகக் கேளுங்கள். கீழே விழுந்த பென்சிலுக்குள் முனை பல இடங்களில் உடைந்திருக்கலாம். அதற்குக் கடைக்காரர் பொறுப்பல்ல.

கேள்வி: "30 நாளில் வரையும் பழக்கம் உறுதி" என்று ஓர் ஆன்லைன் வகுப்பு. ஆண்டுக் கட்டணம், இன்று மட்டும் தள்ளுபடி என்கிறார்கள். சேரலாமா?

பதில்: அந்த "உறுதி"யை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஒரு செயல் பழக்கமாகப் படிய எத்தனை நாள் ஆகிறது என்று யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். 2009-இல் வெளியான அந்த ஆய்வின் கணக்குப்படி ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை மாறுகிறது, நடுவாக 66 நாள். எனக்கு முக்கியமாகப் படுவது அதிலேயே உள்ள இன்னொரு விஷயம்: ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பில்லை. ஆகவே நடுவில் ஒரு நாள் வரையாவிட்டால் மறுநாள் தொடருங்கள், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

வகுப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆண்டுக்குப் பதில் ஒரு மாதம் கட்டிப் பாருங்கள். சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா, எப்படி நிறுத்துவது, பணம் திரும்பக் கிடைக்குமா என்பதைக் கட்டும் முன்பே படித்துவிடுங்கள். நீங்கள் வரைந்ததைப் பார்த்துத் திருத்தம் சொல்வார்களா என்று கேளுங்கள். தானாகக் கற்கிறவருக்கு இலவச வீடியோவில் கிடைக்காதது அந்தத் திருத்தம்தான். அது இல்லாத வகுப்புக்கு நான் பணம் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: டேப்லெட்டில் ஆரம்பித்தால் தாள் செலவு மிச்சம்தானே?

பதில்: மிச்சம்தான். ஏற்கெனவே கையில் ஒன்று இருந்தால் அதிலேயே வரையுங்கள். இதற்கென்று புதிதாக வாங்குவதாக இருந்தால் இரண்டு ஸ்கெட்ச்புக் நிரம்பும்வரை பொறுங்கள். கணினியோடு இணைத்து வரைகிற, திரை இல்லாத வகையில் கை ஓரிடத்தில், கண் ஓரிடத்தில் இருக்கும்; பழக நாளாகும். எதை வாங்கினாலும் பேனா உங்கள் கருவிக்குப் பொருந்துமா, அழுத்தத்தை உணருமா என்பதை மாடல் எண்ணை வைத்துச் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள்.