குரங்கணிப் பாதை – கடிதம்

அன்புள்ள அக்கா,

சோழிங்கநல்லூரில் மென்பொருள் வேலை. கூட்டம் என்றாலே இப்போதெல்லாம் மூச்சு முட்டுகிறது. ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் அலுத்துவிட்டது. மனிதக் காலடியே படாத ஒரு காட்டில் தனியாக நடக்க வேண்டும் என்று தேடியபோது, போடி பக்கம் கேரள எல்லையில் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதை பற்றிப் படித்தேன். நீங்கள் போடிக்காரர் என்பதால் கேட்கிறேன். தனியாகப் போகலாமா? அனுமதி வாங்குவது இழுபறி என்கிறார்கள். செக்போஸ்ட்டைச் சுற்றிப் போக ஒரு வழி உண்டு, விடிவதற்குள் ஏற்றிவிடுகிறேன் என்று ஒரு ஜீப்காரர் சொல்கிறார். பிப்ரவரி கடைசியில் லீவு இருக்கிறது. அட்டை கடிக்குமா? குறிஞ்சி பார்க்கலாமா? என்ன ஷூ வாங்குவது?

விக்னேஷ்

அன்புள்ள விக்னேஷ்,

அட்டை மழைக்காலத்துப் பிராணி. கடித்தாலும் செத்துவிட மாட்டீர்கள். குறிஞ்சி 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான், அதுவரை வேலையை விட்டுவிடாதீர்கள். அந்த ஜீப்காரரின் எண்ணை இப்போதே அழித்துவிடுங்கள். ஷூவுக்கு அப்புறம் வருகிறேன்.

‘மனிதக் காலடியே படாத காடு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். கடிதம் வந்த அன்று போடியில் பழைய வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தேன். பரணில் ஒரு தகரப்பெட்டிக்கு அடியில் என் அம்மாச்சியின் கொங்காணி கிடந்தது. கொங்காணி தெரியுமா? சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகி, தலையிலிருந்து முதுகு வரை மழைக்குப் போட்டுக்கொள்வது. பொருளே இல்லை, வெறும் சாக்கு. முப்பது வருடமாக மடித்த மடிப்பிலேயே விறைத்துப்போயிருந்தது. விரித்தால் முதுகுப் பக்கம் மட்டும் தேய்ந்து, சல்லடை மாதிரி வெளிச்சம் தெரிந்தது. சுமை உட்கார்ந்த இடம். அதைக் கையில் வைத்துக்கொண்டு போனில் உங்கள் கடிதத்தைப் படித்தேன். கோபம்தான் வந்தது, உங்கள் மேல் முழுக்க இல்லை.

டாப் ஸ்டேஷன் என்ற பெயரை என்னவென்று நினைத்தீர்கள்? மேலே நின்று படம் எடுக்கிற இடம் என்றா? அது நிஜமாகவே ஒரு ஸ்டேஷன், தம்பி. மூணாறுத் தேயிலையைக் குண்டளை வழியாக அங்கே கொண்டுவர 1902-இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள், வண்டியை மாடுகள் இழுத்தன. 1908-இல் அது சின்ன ரயில் பாதையானது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகளைக் கம்பிக்கயிற்றில் தொங்கவிட்டுக் கொட்டகுடிக்கு இறக்கினார்கள், அதற்குப் பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். நீங்கள் ஏறுகிற வழியில் சென்ட்ரல் என்று ஓர் இடம் வருமே, அந்தப் பெயரும் இந்த வரிசையில் வந்ததுதான். கொட்டகுடியிலிருந்து போடிக்கு மாட்டுவண்டி. அந்த வண்டிகளில் ஒன்று என் பூட்டனுடையது என்பது எங்கள் வீட்டுப் பெருமை, நிரூபிக்க ஒரு காகிதமும் கிடையாது. 1924 வெள்ளத்தில் மேலே ரயில் பாதை அடித்துக்கொண்டு போய்விட்டது. போடிக்கு ரயில் வந்ததே 1928-இல்தான். ஆக, அந்தக் காட்டில் உங்களுக்கு முன்னால் மனிதன் மட்டுமில்லை, ரயிலே போய்விட்டது.

அதற்கெல்லாம் முன்னால் முதுவர்கள், இந்த மலையின் பழங்குடிகள். மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்துகொண்டு மலையேறியதால் முதுவர் என்று பெயர் வந்ததாக அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். கதையாகவே இருக்கட்டும், அதிலும் சுமைதான் இருக்கிறது பாருங்கள்.

அம்மாச்சி ஏலத்தோட்டத்துக் கூலி. இப்போது போடிமெட்டு வழியாக ஜீப்பில் திணித்து ஏற்றிக்கொண்டு போகிறார்களே, அதையே இவள் காலால் செய்தாள். திங்கள் அன்று கோழி கூப்பிடும் முன் கிளம்பினால் சனிக்கிழமை இருட்டித்தான் வருவாள். அரிசி, உப்புக்கண்டம், புகையிலை, சில நாள் என் மாமாவும், எல்லாம் முதுகிலும் இடுப்பிலும். மேலே திருவிதாங்கூர் சமஸ்தானமாக இருந்தபோதும் ஏறினாள், 1956 நவம்பரில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுபோன பிறகும் ஏறினாள். எல்லைப் பிரச்சினையைப் பற்றி நான் கல்லூரியில் படித்துவிட்டு வந்து அவளிடம் பிரமாதமாகப் பேசியபோது, வெற்றிலையை மடித்துக்கொண்டே, “அதுல கூலி கூடுச்சா?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒருமுறை அவளோடு ஏறி இறங்கினேன். ஏறியது அவ்வளவாக நினைவில் இல்லை. ஏற்றம் எல்லோருக்கும் வரும், மூச்சு வாங்கும், உட்காருவோம், சரியாகும். இறங்குவதுதான் வித்தை. ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம் அது. அரைமணி நேரத்தில் தொடை நடுங்க ஆரம்பிக்கும், முழங்கால் தன்பாட்டுக்கு மடியும், நாம் நடக்கவில்லை, மலை நம்மைத் தள்ளுகிறது என்று தெரியும்போது பயம் வரும். நான் ஓடினேன். ஓடினால் சீக்கிரம் முடியுமே என்று நினைப்பு. அவள் பின்னாலிருந்து என் சடையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். உச்சி மண்டை எரிந்தது. பக்கவாட்டில் திரும்பு, முட்டியை விறைக்காதே, முதலில் கம்பை ஊன்று, அப்புறம் கால், கால் நின்ற பிறகு உடம்பு. இதையே வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். தலையில் சும்மாடு, அதன்மேல் கட்டு, அது ஒரு விரல்கூட ஆடவில்லை. டயர் செருப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவள் கட்டைவிரல் நகம் கரிக்கட்டையாகக் கறுத்திருந்தது. சாகும்வரை அது வெளுக்கவில்லை.

ஒற்றையடிப் பாதைகள் அத்தனையும் இப்படிப் போனவர்கள் போட்டவை. வளைவைக் கவனியுங்கள். சுமையோடு எத்தனை எட்டு வைத்தால் நிற்கத் தோன்றுமோ அங்கே கொஞ்சம் சமதளம் இருக்கும், பக்கத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு பாறை இருக்கும், சுமையை யார் உதவியும் இல்லாமல் இறக்கி ஏற்றுவதற்கு. எந்த இன்ஜினியரும் வரைந்தது இல்லை. நீங்கள் கேட்கிற அமைதி இருக்கிறதே, அது காட்டின் அமைதி என்று நினைக்கிறீர்கள். ஆட்கள் போய்விட்ட அமைதி அது. கூலிக்காரர்கள் ஜீப்புக்கு மாறினார்கள், பிள்ளைகள் திருப்பூருக்குப் போனார்கள், கால் படாத இடத்தில் புல் தலைக்கு மேல் எழுந்தது. மாசியில் அந்தப் புல் காய்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கையில் எடுத்தால் சருகு மாதிரி நொறுங்கும்.

இப்போது உங்கள் பிப்ரவரி லீவுக்கு வருவோம். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ வளைத்தது. 23 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் உங்கள் வயதுக்காரர்கள், உங்களைப் போலவே வேலை அலுப்பில் வந்தவர்கள். தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும், மனிதன் மேட்டில் ஓட முடியாது, பள்ளத்தில் ஓடினால் விழுவான். புல்சரிவில் தப்பிக்க எந்தப் பக்கமும் இல்லை. அன்று சாயங்காலம் முதலில் ஏறியவர்கள் ஊர்க்காரர்கள். எந்த வண்டியும் ஏற முடியாத இடம். போர்வையில் தூளி கட்டி, இருட்டில், தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து இறக்கினார்கள். நான் அப்போது சென்னையில் டிவி முன்னால் இருந்தேன். ஹெலிகாப்டர் வந்ததைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். எனக்கு அந்த இருட்டில் இறங்கிய கால்களே கண்ணில் நின்றன. இறங்கத் தெரிந்த கால்கள்.

அதனால் செக்போஸ்ட்டைச் சுற்றிப் போகிற வீரம் எல்லாம் என்னிடம் பேசாதீர்கள். நீங்கள் தனியாகப் போய் மாட்டிக்கொண்டால் நீங்கள் மட்டுமா மாட்டுகிறீர்கள்? உங்களைத் தூக்க யாரோ ஒருவன் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு ஏற வேண்டும். அனுமதி இழுபறியாம்! 2018-க்குப் பிறகு விதிகள் வந்தன, 2024-இல் வனத்துறையே ட்ரெக் தமிழ்நாடு என்று 40 தடங்களைத் திறந்து, இணையத்தில் பதிவு செய்துகொள்ள வைத்திருக்கிறது. கூட வருவது அந்தந்த ஊர்ப் பையன்கள்தான். அதில் எது திறந்திருக்கிறதோ அதற்குப் போங்கள். பிப்ரவரி பாதியிலேயே தீக்காலம் என்று அடைத்துவிடுவார்கள், லீவை டிசம்பருக்கு மாற்றுங்கள். தனியாக நடக்க வேண்டும் என்றால் வழிகாட்டிக்கு இருபது அடி பின்னால் வாயை மூடிக்கொண்டு நடந்தால் போதும், அவரும் சந்தோஷப்படுவார்.

கோபமாக எழுதிவிட்டேன் என்று தோன்றுகிறது. கூட்டத்தில் மூச்சு முட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அது எனக்குப் புரியாமல் இல்லை. நானும் அதற்காகத்தான் போடிக்கு ரயில் பிடிக்கிறேன். வருகிறபோது சொல்லிவிட்டு வாருங்கள், வீடு காலியானாலும் சித்தி வீடு இருக்கிறது, சோறு இருக்கும்.

ஷூ. புதிது வாங்கி அப்படியே மாட்டிக்கொண்டு வராதீர்கள், ஒரு மாதமாவது ஆபீசுக்குப் போட்டுப் பழக்குங்கள். அரை விரல் பெரியதாக வாங்குங்கள், இறக்கத்தில் விரல் முன்னால் போய் முட்டும். கிளம்புகிற முதல் நாள் கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

அன்புடன்
அக்கா