அம்மன் கோயில் மலரில் கால் மட்டும் தெரிகிறது!

கேள்வி: தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா மலரை வேர்டில் நானே தயார் செய்கிறேன். போன வாரம் வரை நன்றாக இருந்த படங்கள் திடீரென்று ஒரு விரல் அகலக் கீற்றாகிவிட்டன. பால்மரம் வெட்டியவர்கள் வரிசையாக நிற்கும் பழைய படத்தில் கால்களும் பால்வாளிகளும் மட்டுமே மிச்சம். போட்டோஸ்டாட் கடையில் திறந்தால் சில படங்கள் இருந்த இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறிதான் வருகிறது. என்ன செய்வது?
– கோயில் செயலாளர், சுங்கை சிப்புட்

பதில்: படம் எங்கேயும் போகவில்லை ஐயா, வரிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் வரி இடைவெளியை மாற்றியிருப்பீர்கள். தமிழ் வரிகள் ஏறி இறங்கித் தெரிகிறதே என்று பலரும் லைன் ஸ்பேசிங்கில் 'எக்ஸாக்ட்லி' வைத்து 18 பாயின்ட் என்று பூட்டிவிடுவார்கள், நானும் செய்திருக்கிறேன். எழுத்துகளோடு வரியில் வைத்த படம் வேர்டுக்கு ஒரு பெரிய எழுத்து மாதிரிதான், அதனால் அந்த 18 பாயின்ட் உயரத்துக்கு அடிப்பாகத்தை மட்டும் காட்டிவிட்டு மீதியை மறைத்துவிடுகிறது. கீற்றின் மேல் கிளிக் செய்து கன்ட்ரோலும் 1-உம் சேர்த்து அழுத்துங்கள், அந்தப் பத்தி மட்டும் 'சிங்கிள்' இடைவெளிக்கு மாறி முழு ஆளும் எழுந்து நிற்பார். மொத்தக் கோப்பையும் தேர்வு செய்து மாற்றிவிடாதீர்கள், அப்புறம் எழுத்து வரிகள் பழையபடி ஆடும்.

சிவப்புக் குறி வேறு கதை. படத்தைச் சேர்க்கும்போது 'இன்சர்ட்' பொத்தானின் ஓரத்து அம்பைத் தட்டி 'லிங்க் டு ஃபைல்' கொடுத்திருந்தால் படம் உங்கள் வீட்டுக் கணினியிலேயே தங்கிவிடும், கோப்புக்குள் அதன் முகவரி மட்டும்தான் இருக்கும். கடைக்காரர் கணினி அந்த முகவரியை எங்கே போய்த் தேடும்? நாற்பது படம் போட்ட மலரின் கோப்பு அளவு சில நூறு கேபிதான் (கிலோபைட்) இருக்கிறது என்றால் அப்போதே சந்தேகப்படுங்கள். படங்கள் இருக்கும் கணினியிலேயே கோப்பைத் திறந்து, ஃபைல், இன்ஃபோ போய், வலப்பக்கம் கீழே 'எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்' தட்டி, ஒவ்வொரு படத்துக்கும் 'சேவ் பிக்சர் இன் டாகுமென்ட்' என்பதில் டிக் போட்டுச் சேமியுங்கள்.

அச்சுக்கு வேர்டு கோப்பைக் கொடுக்காமல் பி.டி.எஃப். ஆக்கி, உபயகாரர் படங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். கடைக் கணினியில் உங்கள் தமிழ் எழுத்துரு இல்லாமல் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக வரும் தொல்லையும் இருக்காது.